கிணற்று மீனுக்கு நான் சொன்ன பதில்

திருகோணமலைப் பக்கம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்தவன் நான். ஊரில் பி.எச்.ஐ. என்றால்தான் விளங்கும். உப்புவெளி தாண்டி நிலாவெளி, குச்சவெளி என்று கடற்கரையோரமாகப் போனால் எல்லாம் மணல். ஆளுயரம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அதே வளவுக்குள் மலசலகூடக் குழியும் இருக்கும், மாரியில் நிலத்தடி நீர் ஏறினால் கிணறும் குழியும் சம்பந்திகள்.

2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவி ஆட்கள் இறந்த பிறகு நுளம்பு என்றாலே எங்களுக்கு நடுக்கம். அதற்குப் பிந்திய ஒரு மாரியில், வெள்ளம் வடிந்த கையோடு ஒரு கிராமத்துக் கிணறுகளில் மாதிரி எடுத்தோம். மலக்கிருமி இருந்தது. சரி, கிணறுகளை இறைத்துக் குளோரின் போட்டோம், குடிக்கப் பவுசர் வண்டியில் தண்ணீர் அனுப்பினோம். அறிக்கையும் எழுதியாயிற்று.

இரண்டு கிழமை கழித்து டெங்குப் பரிசோதனைக்கு அதே ஒழுங்கைக்குப் போனேன். வீட்டுக்கு வீடு பவுசர் தண்ணீர் பிடித்த நீலப் பரல்கள். ஒன்றுக்குள் டோர்ச் அடித்தால் நுளம்புக் குடம்பிகள் துள்ளித் துள்ளிக் கீழே இறங்குகின்றன. பரலுக்குச் சொந்தக்கார ஆச்சி வாசலில் நின்றபடியே கேட்டா: “தம்பி, என்ர கிணத்தில மீன் நிண்டது. நீங்க மருந்து போட்டீங்க, அதுகள் செத்து மிதந்தது. பரலில பிடிச்சு வையுங்கோ எண்டதும் நீங்கதான். இப்ப நுளம்பெண்டு நோட்டீஸ் தரப்போறதும் நீங்களோ?”

நோட்டீஸ் புத்தகத்தைப் பையிலேயே விட்டுவிட்டேன்.

குடம்பி தின்ன மீன் விடச் சொன்னதும் முந்தி எங்கள் ஆட்கள்தான். அலுவலகத்தில் நுளம்புக்கு ஒரு கோப்பு, தண்ணீருக்கு ஒரு கோப்பு, இரண்டும் ஒரே அலுமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.

அன்றைக்கு உள்ளே ஒரு குழந்தை அழுதது. பேத்தியின் பிள்ளை, மூன்று மாதம், புட்டிப்பால். பவுசர் வராத நாளில் கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் மா கரைக்கிறோம் என்றார்கள். அதுவும் நாங்கள் சொல்லிக் கொடுத்தது. ஆனால் குழிக்குப் பக்கத்துக் கிணற்றில் கிருமி மட்டுமா வரும், கழிவிலிருந்து ஊறும் நைத்திரேற்று என்ற உப்பும் வரும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டினால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவ முடியாமல் போய் உடம்பு நீலம் பாயலாம். நாங்கள் அனுப்பியது கிருமிப் பரிசோதனைப் போத்தல் மட்டும்தான், நைத்திரேற்றுக்கு யாரும் கேட்கவுமில்லை, எனக்கும் தோன்றவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது என் கெட்டித்தனமில்லை.

உள்நாட்டுப் பக்கம், பதவி சிறீபுர மாதிரி இடங்களில், சிறுநீரக நோய்க் கதை இதைவிடச் சிக்கல். கடினத் தண்ணீரா, புளோரைட்டா, வயலுக்கு அடிக்கும் மருந்தா, வெயிலா என்று 1990களிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஒற்றைக் காரணம் இன்னும் பிடிபடவில்லை. தண்ணீர் வாய்க்குப் பிடிக்காமல் வெயிலில் குறைவாகக் குடிப்பவனை எந்த நிரலில் போடுவது?

அப்புறம் நான் படிவத்தைக் கடைசியில்தான் எடுப்பேன். முதலில் காலையிலிருந்து இரவு வரை தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், எதில் வைக்கிறீர்கள், யார் குடிக்கிறார்கள் என்று கேட்டு, கிணறு, குழி, பரல், தொட்டில் எல்லாவற்றையும் ஒரே தாளில் கீறிக்கொள்வேன். மேலதிகாரி ஒருவர் அதைப் பார்த்து “சித்திர வகுப்போ?” என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

அடுத்த மாரியில் குளோரின் போடப் போனபோது ஒரு வாளியும் வலையும் கொண்டுபோனேன். ஆச்சி திரும்ப விட்டிருந்த மீன்களை முதலில் கோலியெடுத்து, குளிக்க வைத்திருந்த பரலுக்குள் விட்டோம். உட்சுவரில் ஒட்டும் நுளம்பு முட்டைகள் போக அதைத் தும்புக்கட்டையால் உரஞ்சி, மழைத் தண்ணீர் நிரப்பி ஆச்சி தயாராக வைத்திருந்தா. மூடியில்லாத அந்தப் பரலுக்கு மேல் பழைய சேலையொன்றை இழுத்துக் கட்டியுமிருந்தா.