என் ஸ்டூடிபேக்கருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்த கதை

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருக்கிறேன். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவரிடமிருந்து 1963ஆம் வருட ஸ்டூடிபேக்கர் லார்க் என்ற பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கினேன். பல கை மாறிய வண்டி. மேலே சிவப்பு பெயின்ட், கதவிடுக்கில் வேறு நிறம். டிக்கி சாவி இல்லை. எஞ்சினாவது பழையதுதானா என்று கேட்டால் விற்றவருக்கும் தெரியவில்லை.

கார் தயாரிப்பையே 1966இல் நிறுத்திவிட்ட கம்பெனி. யாரிடம் போய்க் கேட்பது? நல்லவேளையாக, இண்டியானாவின் சவுத் பெண்ட் நகரில் உள்ள ஸ்டூடிபேக்கர் தேசிய அருங்காட்சியகம் தொழிற்சாலையின் 'புரொடக்‌ஷன் ஆர்டர்' தாள்களை, அதாவது ஒவ்வொரு காரையும் எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிய தாள்களை, காப்பாற்றி வைத்திருக்கிறது. சீரியல் நம்பரும் கட்டணமும் அனுப்பினால் நகல் தருகிறார்கள்.

நம்பரைத் தேடுவதுதான் வேலை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், முன் தூணில் ஒரு சின்னத் தகடு இருக்கும். என்னுடையது '63வி' என்று ஆரம்பித்தது. அப்படியென்றால் வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின். '63எஸ்' என்றால் ஆறு சிலிண்டர். எஞ்சின் நம்பர் பிளாக்கின் (எஞ்சினின் முக்கிய உடல் பகுதி) மேல், முன்பக்கம் பொறித்திருக்கும். மண்ணெண்ணெய் விட்டுப் பிசுக்கைத் துடைத்த பிறகுதான் 'வி' எழுத்து தெரிந்தது: 259 கன அங்குல எஞ்சின். 289 ஆக இருந்தால் 'பி' இருக்கும்.

தாள் வந்ததும் முதலில் எஞ்சின் நம்பரைத்தான் பார்த்தேன். அதே நம்பர்! நிறம், சீட் துணி, பின் ஆக்சில் ரேஷியோ (பின் அச்சின் பல்சக்கர விகிதம்), எந்த டீலருக்குப் போனது, சாவி நம்பர் என எல்லாம் அதில் இருந்தன. சாவி நம்பரைக் காட்டி டிக்கிக்குப் புதுச் சாவி வெட்டிக்கொண்டேன்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது தேதிதான். 1963 வசந்த காலத்தில் உருவாக்கிய வண்டி. அதே வருடம் டிசம்பரில் சவுத் பெண்ட் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். 1852இல் இரண்டு சகோதரர்கள் கொல்லுப்பட்டறையாகத் தொடங்கி, குதிரை வண்டி செய்து, 1902இல் மின்சாரக் காரும் செய்த கம்பெனி அது. கனடாவின் ஹாமில்டனில் மட்டும் இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. சவுத் பெண்டில் ஓய்வூதிய நிதி போதவில்லை. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு முழுப் பென்ஷன் கிடைத்தது. பத்து வருடமாவது வேலை பார்த்த, நாற்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையிலான சுமார் 4,000 பேருக்குச் சேரவேண்டியதில் ஏறக்குறைய 15 சதவீதம்தான். அதற்கும் இளையவர்களுக்கு ஒன்றுமே இல்லை. அமெரிக்காவில் 1974இல் பென்ஷன் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கு இந்த அநியாயம் ஒரு முக்கியக் காரணம். என் லார்க்கை உருவாக்கிய கைகளும் அவர்களில் இருந்திருக்கும். வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற இப்போது மனசு வரவில்லை.

தாளில் உள்ள நிறம் 'புளூ மிஸ்ட்', வெளிர் நீலம். அதையே அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்டூடிபேக்கர் வாங்கப் போகிறவர்கள் உதிரி பாகத்துக்குச் செலவழிக்கும் முன் முதலில் இந்தத் தாளை வாங்கிவிடுங்கள்.