குத்துக்கும் பிடிக்கும் நடுவில்: எம்.எம்.ஏ. பயிற்சியில் இதுவரை

குத்துச்சண்டையிலிருந்து, குத்தும் உதையும் மல்யுத்தப் பிடியும் கலந்த எம்.எம்.ஏ.வுக்கு வருபவர்கள் முதலில் மாற்ற வேண்டியது நிற்கும் விதத்தை. நான் வடசென்னையில் பாக்ஸிங் பழகியவன். இடது தோளை முன்னால் கொடுத்து, உடம்பை ஒருக்களித்து, முன்காலில் எடையை இறக்கி நிற்பது எனக்கு ஊறிப்போன பழக்கம். பாக்ஸிங்கில் அது நல்ல நிலைதான். எதிரில் நிற்பவருக்குக் குத்த இடம் குறைவாகக் கிடைக்கும். எம்.எம்.ஏ.வில் அப்படி நின்றால் எடை இறங்கிய முன்காலைச் சட்டென்று தூக்கி லோ கிக்கை, அதாவது காலைக் குறிவைத்து வரும் உதையை, தடுக்க முடியாது. நீட்டி நிற்கும் அந்தக் காலையே இரண்டு கையாலும் வாரிப் பிடித்துச் சாய்ப்பதும் எளிது. அதனால் இடுப்பைக் கொஞ்சம் நேராகத் திருப்பி, இரண்டு காலுக்கும் எடையைப் பிரித்துக் கொடுத்து நிற்கப் பழகினேன். இது பழகிய பிறகுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கைகூட ஆரம்பித்தது.

லோ கிக்கில் மிக வலிப்பது முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் விழும் உதை. அங்கே பெரோனியல் நரம்பு எலும்பை ஒட்டி, தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. சரியாக விழுந்தால் கொஞ்ச நேரத்துக்குப் பாதத்தை மேலே தூக்கவே முடியாது, கால் தரையில் இழுபடும். தடுப்பதற்கு முழங்காலை வெளிப்பக்கம் திருப்பி, கணைக்கால் எலும்பின் மேல்பகுதியில் அந்த உதையை வாங்க வேண்டும். பயிற்சியில் இதை முழு வேகத்தில் செய்வதே இல்லை. எதிரில் இருப்பவர் மெதுவாக உதைக்க, நான் தூக்கி வாங்கி, கால் தரையைத் தொட்ட உடனே ஒரு நேர்குத்து விடுவேன். வெறுமனே தடுத்துவிட்டு நின்றால் அடுத்த உதை வருகிறது. தடுத்த காலை ஊன்றியபடியே கை போனால் வருவதில்லை.

இத்தனை காலப் பயிற்சியில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. பாக்ஸிங், கிக் பாக்ஸிங், மல்யுத்தம், தரையில் பிடித்து மடக்கும் ஜியு ஜிட்சு என்று நான்கையும் தனித்தனி வகுப்பாகப் படித்தால் நான்கும் தனித்தனியாகவே நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அந்த அரை நொடியைத் தனியாக எடுத்துப் பழக வேண்டும். நேரத்தில் பெரும்பகுதியை இப்போது அதற்குத்தான் கொடுக்கிறேன்.

இதற்கு நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பாடம் ஜார்ஜ் செயின்ட் பியரின் ஆட்டம். யு.எஃப்.சி. என்ற பெரிய எம்.எம்.ஏ. போட்டி அமைப்பில் சாம்பியனாக இருந்த கனடாக்காரர், சிறுவயதிலிருந்து கியோகுஷின் கராத்தே பழகியவர். அமெரிக்க வீரர்கள் பலரைப் போல அவர் கல்லூரி மல்யுத்தத்திலிருந்து வந்தவர் அல்ல. இருந்தும் கல்லூரியில் மல்யுத்தம் பழகி வந்தவர்களையே வரிசையாகக் கீழே தள்ளினார். இரண்டு காலையும் வாரிச் சாய்க்கும் அவருடைய டபுள் லெக் பிடி பெரும்பாலும் ஜாபின், அதாவது முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்குத்தின், பின்னால் ஒளிந்துதான் வரும். முகத்துக்குக் குத்து வருகிறது என்று எதிராளி கையை உயர்த்தும்போது அவர் ஏற்கெனவே இடுப்புக்குக் கீழே இருப்பார்.

நான் பழகும் முறை இப்படி. ஜாப் உண்மையான ஜாபாகப் போக வேண்டும், கண் மட்டத்துக்கு. ஒப்புக்கு நீட்டினால் எதிரில் இருப்பவர் அசைய மாட்டார். அவர் கை மேலே போய், எடை குதிகாலுக்குச் சரியும் அந்த நேரத்தில், நான் முழங்காலை மடக்கி இறங்குகிறேன். இடுப்பை மடக்கிக் குனிவது கூடாது. நீட்டிய கையைத் தாடைக்கு இழுக்காமல் அப்படியே அவருடைய முழங்காலுக்குப் பின்னால் இறக்குகிறேன். முன்கால் அவருடைய இரண்டு காலுக்கும் நடுவில் ஆழமாகப் போகிறது. தோள் அவருடைய இடுப்பெலும்பில், என் காது அவருடைய விலாவில் ஒட்டியிருக்கிறது, பார்வை மேலே. பிறகு பின்கால் வெளிப்பக்கமாக ஏறி வர, நேராகத் தள்ளாமல் பக்கவாட்டில் திருப்பித் தள்ள வேண்டும். நேராகத் தள்ளினால் எதிராளி பின்னால் ஓடியே தப்பித்துவிடுவார்.

இதைச் சில வாரம் செய்தால் இன்னொரு கதவும் திறக்கிறது. நான் முழங்காலை மடக்கினாலே எதிரில் இருப்பவர் பிடிக்குத்தான் வருகிறேன் என்று நினைத்துக் கையைக் கீழே இறக்குகிறார். அப்போது இறங்கிய இடத்திலிருந்தே வலதுகை மேலாகச் சுற்றிப் போனால் முகம் திறந்து கிடக்கும். குத்து பிடியை மறைக்கிறது, பிடி குத்தை மறைக்கிறது. எனக்கு எம்.எம்.ஏ. மேல் இவ்வளவு பிரியம் வந்ததே இந்த இடத்தில்தான்.

எங்கள் வகுப்பில் கபடியிலிருந்து வந்த ஒரு தம்பி இருக்கிறான். அவன் நம் தொடையைப் பிடித்தால் விடுவிப்பது ரொம்பக் கஷ்டம். வருஷக்கணக்கில் ரைடர்களைப் பிடித்த கை. ஆனால் கபடியில் யாரும் கழுத்தை நெரிப்பதில்லை, அதனால் பிடிக்கும்போது அவன் தலை தானாகத் தரையைப் பார்த்துக் கவிழும். எம்.எம்.ஏ.வில் அந்தக் கழுத்துக்குத்தான் கில்லட்டின் என்ற கழுத்து நெரிப்புப் பிடி காத்திருக்கிறது. “தலையை நிமிர்த்துடா, காதை விலாவுல ஒட்டு” என்று மாஸ்டர் அவனிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். இப்போது நிமிர்ந்துவிட்டான். அவன் பிடியும் சேர்ந்துகொள்ள, “அண்ணா, வரேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தாலும் என்னால் நிறுத்த முடிவதில்லை. கபடி ஆடியவர்கள் இந்தப் பக்கம் நிறைய வர வேண்டும் என்று நினைக்கிறேன். பூஜா தோமர் இந்தியப் பெண்களில் முதலாவதாக 2024 ஜூனில் யு.எஃப்.சி.யில் வென்றவர். அவர் வந்தது வூஷு என்ற சீனத் தற்காப்புக் கலையிலிருந்து. அதில் சாண்டா என்ற சண்டைப் பிரிவில் குத்து, உதை, தூக்கிப் போடுதல் மூன்றும் ஒரே ஆட்டத்தில் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை அந்த ஆட்டமே கற்றுக் கொடுத்துவிடுகிறது.

பிடிக்கு மறுப்பு ஸ்ப்ரால். காலைப் பின்னால் எறிந்து, நம் இடுப்பின் எடையை எதிராளியின் தோள்மேல் இறக்குவது. முழங்கால் முதலில் தரையைத் தொட்டால் எடை அவர்மேல் போகாது, இடுப்புதான் இறங்க வேண்டும். அப்படியும் கீழே விழுந்தால் சுவர். போட்டி நடக்கும் கம்பிக் கூண்டு எங்கள் ஜிம்மில் கிடையாது. ஒரு பக்கச் சுவர் முழுக்க மேட் அடித்திருக்கிறார்கள், அது போதும். முதுகைச் சுவரில் சாய்த்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறுகையை எதிராளியின் அக்குளுக்குக் கீழே நுழைத்து, ஒரு காலை அடியில் இழுத்துக்கொண்டு முதுகைச் சுவரில் தேய்த்தபடி எழ வேண்டும். போட்டியில் கூண்டுக் கம்பியை விரலால் பிடிப்பது தவறு, அதனால் சுவரில் உள்ளங்கையை விரித்து மட்டுமே வைத்துப் பழகுகிறோம். பார்க்க ஒன்றுமில்லாத பயிற்சி, தொடையும் மூச்சும் இதில்தான் தீர்ந்துபோகும்.

மூச்சைச் சொல்லும்போது: ஒரு சுற்று 5 நிமிடம், இடைவெளி 1 நிமிடம், சாதாரணப் போட்டி 3 சுற்று. 3 நிமிடச் சுற்றுக்குப் பழகிய உடம்புக்கு நான்காவது நிமிடம் புது ஊர். மணியடிக்கும் கருவியில் நிமிடத்துக்கு ஒரு மணி வைத்துக்கொள்கிறேன். முதல் நிமிடம் கை, இரண்டாவது பிடி, மூன்றாவது சுவர், நான்காவது தரை, ஐந்தாவதில் எழுந்து மறுபடி கை. களைத்த தோளோடு ஜாப் போடத் தெரிவது தனித் திறமை, பையைக் குத்தி மட்டும் அது வராது.

சரி, சாமான்களுக்கு வருகிறேன். கையுறை ஒன்று போதாது. குத்துப் பைக்கும், குத்து ஸ்பாரிங்குக்கும் (ஜோடியாக மோதிப் பழகுவது) 16 அவுன்ஸ் பாக்ஸிங் கையுறை வைத்திருக்கிறேன். பிடியும் கலந்த ஸ்பாரிங்குக்கு விரல் திறந்த 7 அவுன்ஸ். போட்டியில் போடுவது 4 அவுன்ஸ், கிட்டத்தட்ட 113 கிராம்தான். அதைப் பயிற்சியில் ஒருவர் முகத்தில் போடக் கூடாது. 16 அவுன்ஸில் இரண்டு கையையும் முகத்துக்கு முன் சேர்த்து வைத்தால் அது ஒரு சுவர். 7 அவுன்ஸில் அதே கைகளுக்கு நடுவில் குத்து நுழைந்து வரும். கையுறைக்குப் பின்னால் ஒளிவதை விட்டு, தூரத்தையும் தலை அசைவையும் நம்பப் பழக வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கம் 7 அவுன்ஸ் போட்டுப் பழகினால்தான் வரும். மீரட், ஜலந்தர் பக்கம் தயாராகி வரும் கையுறைகளே தொடக்கத்துக்குத் தாராளம். பெரியமேட்டுக் கடைகளில் கையில் போட்டுப் பார்த்தே வாங்கலாம். மணிக்கட்டுப் பட்டை இறுக்கமாக நிற்கிறதா, முஷ்டியை மூடினால் விரல் நுனி எதிலாவது முட்டுகிறதா, இரண்டையும் பாருங்கள்.

உள்ளே சுற்றும் துணிப்பட்டை 180 அங்குலம் வேண்டும். மணிக்கட்டு, விரல் முட்டி, விரல் இடுக்கு, கட்டைவிரல் எல்லாவற்றுக்கும் அப்போதுதான் போதும். 7 அவுன்ஸுக்குள் இவ்வளவு துணி அடங்காது, அதற்கு 120 அங்குலப் பட்டையைத் தனியாக வைத்திருக்கிறேன்.

பற்காப்பு இல்லாமல் ஸ்பாரிங் இல்லை. வெந்நீரில் இளக்கிக் கடிக்கும் வகையே நன்றாக இருக்கிறது, பொருத்துவதை மட்டும் அவசரப்படாமல் செய்ய வேண்டும். முதலில் வாயில் வைத்துப் பார்த்து, பின்முனை கடைவாய்க்குள் குத்தினால் கத்தரியால் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். அட்டையில் போட்டிருக்கும் நேரத்துக்கு வெந்நீரில் வைத்து எடுத்து, ஒரு கணம் தண்ணீரில் காட்டி, மேல்பல்லில் பொருத்திக் கடித்து, காற்றை உள்ளே உறிஞ்சிக்கொண்டே உதட்டுக்கு வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்த வேண்டும். வாயைத் திறந்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் சரியாகப் பொருந்திவிட்டது.

கணைக்கால் காப்பில் பட்டை வைத்து ஒட்டும் வகை கிக் பாக்ஸிங்குக்கு நல்லது. தரையில் புரளும்போது அது சுற்றிக்கொண்டு பின்னால் போய்விடுகிறது. காலுறை மாதிரி இழுத்துப் போடும் வகை நகராது. கவட்டைக் காக்கும் கீழ்க்காப்பு கட்டாயம். ஷார்ட்ஸில் பாக்கெட்டும் ஜிப்பும் இருக்கக் கூடாது, எதிராளியின் விரல் மாட்டும்.

தலைக்காப்பு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் குத்துச்சண்டை தலைக்காப்பு இல்லாமலேயே நடந்தது. தலைக்காப்பு இருக்கிறதே என்று ஓங்கிக் குத்த விடாதீர்கள். நாங்கள் வாரத்தின் பெரும்பகுதி தொட்டு எடுக்கும் வேகத்தில்தான் செய்கிறோம். மேக்ஸ் ஹாலோவே போன்ற முன்னாள் யு.எஃப்.சி. சாம்பியனே தயாரிப்பில் ஸ்பாரிங்கை விட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். பொழுதுபோக்காகப் பழகும் நமக்குத் தினமும் தலையில் அடி வாங்க ஒரு காரணமும் இல்லை.

நம் ஊர்ப் புழுக்கத்தில் சாமான்களைவிடத் தோலைக் காப்பாற்றுவது பெரிய வேலை. பயிற்சி முடிந்த உடனே குளியல், துணிப்பட்டை அன்றைக்கே துவைக்க, கையுறைக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்து மின்விசிறிக் காற்றில் காய வைக்க. பைக்குள் மூடி வைத்தால் நாற்றம் போகவே போகாது, உச்சி வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். படர்தாமரை வந்தால் பயிற்சி மேட்டில் இறங்கக் கூடாது, மாஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மறைத்தால்தான் வகுப்பு முழுக்கப் பரவும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதலில் அரிப்பு அடங்கும், அப்புறம் பூஞ்சை இன்னும் அகலமாகப் படரும். தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இப்போதைக்கு ஜாபிலிருந்து டபுள் லெக் நம்பிக்கையோடு வருகிறது, சுவரில் எழுவதும் வருகிறது. சுவர் இல்லாத நடுத்தரையில் ஹாஃப் கார்டில், அதாவது மேலே இருப்பவரின் ஒரு காலை மட்டும் என் கால்களுக்குள் பிடித்தபடி கீழே, மாட்டினால் இன்னும் திணறுகிறேன். அக்குள் பக்கம் கையை நுழைத்துப் பக்கவாட்டில் எழும் பயிற்சியை அந்தக் கபடித் தம்பியை மேலே போட்டுக்கொண்டே ஆரம்பித்திருக்கிறேன். அவனோடு உரசுவதில் காது மடல் சிவந்துபோகிறது. குருத்தெலும்பை ஒட்டி ரத்தம் கட்டிக் காது தடித்துப்போவதற்கு முன் காதுக்காப்பு ஒன்று வாங்கியாக வேண்டும். அடுத்த மாதச் சாமான் செலவு அதற்குத்தான்.