தாத்தாவின் சொம்போடு தீர்த்தமலைக்கு

தாத்தா போய் வருடம் திரும்பிவிட்டது. திதி கொடுத்த மறுநாள் குடும்பத்தோடு தீர்த்தமலைக்குக் கிளம்பினோம். 94 வயது வரை இருந்த மனிதர். கால் ஓய்ந்த கடைசி ஆறேழு வருடம் தவிர, ஆண்டுதோறும் இந்த மலையை ஏறியவர். அதன் பிறகும் வருவதை நிறுத்தவில்லை. அடிவாரக் கோயிலில் உட்கார்ந்து, மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பார். நாங்கள் ஏறிப்போய் அவருடைய பித்தளைச் சொம்பில் ராமர் தீர்த்தம் பிடித்து வந்து கொடுப்போம்.

முதலில் அனுமன்தீர்த்தம். தென்பெண்ணையில் தலைமுழுகிவிட்டுத்தான் மலைக்குப் போக வேண்டும் என்பது முறை. தாத்தா பிறந்தபோது ஆறும் மலையும் சேலம் மாவட்டத்தில் இருந்தன. 1965-இல் தர்மபுரி பிரிந்தது, 2004-இல் கிருஷ்ணகிரி. இப்போது ஆற்றங்கரை கிருஷ்ணகிரி மாவட்டம், மலை தர்மபுரி மாவட்டம். அவருக்கு மட்டும் கடைசி வரை இரண்டும் ஒரே கோயில்தான். ஆற்றில் முழங்கால் அளவே தண்ணீர் ஓடியது. சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டோம்.

தாத்தா சொன்ன கதை அங்கேதான் நினைவுக்கு வந்தது. இலங்கையிலிருந்து திரும்பும் ராமர் தீர்த்தமலையில் சிவபூஜை செய்ய நினைக்கிறார். காசித் தீர்த்தம் கொண்டுவரப் போன அனுமார் வந்து சேரவில்லை. பூஜை நேரம் தவறக் கூடாதென்று ராமர் அம்பு விட, பாறை பிளந்து தண்ணீர் வருகிறது. பிந்தி வந்த அனுமார் மனம் நொந்து, கொண்டுவந்த தீர்த்தத்தை வீசி எறிகிறார். அது விழுந்த இடம்தான் இது. தாத்தா இந்த இடத்தில் எப்போதும் குரலைத் தாழ்த்துவார். “பிந்தி வந்தவன் தண்ணியிலதான்டா முதல்ல முழுகணும். சாமி அவனை விட்டுடல, பாத்தியா?”

போன வருடம் அவர் கண் மூடியபோது நான் பெங்களூரில் இருந்தேன். அத்தை போன் செய்த இரவே புறப்பட்டு, கிருஷ்ணகிரியில் இறங்கி, ஊத்தங்கரை பஸ் பிடித்து வீட்டுக்கு வருவதற்குள் விடிந்துவிட்டது. வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வாயில் தீர்த்தம் விட எல்லோரும் இருந்திருக்கிறார்கள், நான் இல்லை. நெய்ப்பந்தம் பிடிக்க மட்டும்தான் எனக்குக் கிடைத்தது. இந்த ஒரு வருடமாக அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. ஆற்றில் நின்று அழுதேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் மலை. படியேறும்போது குரங்குகள் பைகளை நோட்டம் விட்டபடி கூடவே வந்தன. அருணகிரிநாதர் பாடிய தலம் இது. தீர்த்தகிரீஸ்வரரையும் வடிவாம்பிகையையும் தரிசித்துவிட்டு, ராமர் தீர்த்தத்துக்கு வந்தோம். உயரப் பாறையிலிருந்து மெல்லிய தாரையாக விழும் தண்ணீர். கோடையிலும் நிற்காது என்பார்கள். மழையை நம்பிக் கேழ்வரகும் கடலையும் போட்டவர் தாத்தா. கிணறு அடி தெரிந்த வருடங்களைப் பார்த்தவருக்கு இந்தத் தாரைதான் சாமி என்று எனக்குத் தோன்றும். அதன் கீழே நின்றால் கை கூப்பியபடி பேச்சற்றுப் போய்விடுவார். “நூறு வயசு இருக்கணும்னு வேண்டிக்கோங்க மாமா” என்று அம்மா ஒருமுறை சொன்னபோது, “வருசா வருசம் வரவெச்சான், அது போதும்மா” என்றார்.

சொம்பு நிறையப் பிடித்தேன். இறங்கும்போது ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அடிவாரத்தில் வேன் தயாராக நின்றது. சித்தப்பா மகனை மட்டும் காணோம். டிரைவர் ஹாரன் அடித்தார். அப்பா, தாத்தா வழக்கமாக உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

“இருப்பா, அவனும் வந்துடட்டும்” என்றார்.