பழைய கெட்டில் கிரில்: மூடியைச் சுரண்டிப் பார்த்து வாங்கினேன்

மதுரையில் நான் ஏறி இறங்கிய கடைகளில் கரி கிரில் என்று காட்டியதெல்லாம் தகரத்தில் கறுப்பு பெயின்ட் அடித்த சரக்கு. விலை குறைவுதான், ஆனால் சூட்டில் பெயின்ட் கொப்பளித்து உரிந்துவிடும். நான் தேடிய கெட்டில் கிரில், அதாவது உருண்டைச் சட்டியும் குவிந்த மூடியுமான கரி அடுப்பு, எனாமல் பூசியது. எனாமல் அப்படி உரியாது. கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டில் பூசி, சூளையில் 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருக்கி ஒட்டவைப்பது. பாட்டி காலத்து வெள்ளை எனாமல் தட்டும் இதே வேலைதான்.

இந்தக் கிரில்லுக்குப் பேர்போன வெபர் கம்பெனியின் புதுசு விலையைக் கேட்டதும் பழசுக்கு இறங்கிவிட்டேன். கே.கே. நகரில் துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் 57 செ.மீ. கெட்டில் ஒன்றை விற்பதாகத் தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் போனோம். மூடியைத் திறந்தால் உள்ளே செதில் செதிலாகக் கறுப்பு உரிந்து தொங்குகிறது.

"பெயின்ட் உரியுது மாப்ள, வேணாம்" என்றான் மச்சான்.

நகத்தால் சுரண்டினேன். பொடியாக உதிர்ந்தது. புகையும் கொழுப்பும் கருகிப் படிந்த பிசுக்கு அது. துணியால் அழுத்தித் துடைத்ததும் அடியில் எனாமல் பளபளத்தது.

பிறகு பார்க்கவேண்டியது விளிம்பும் போல்ட் துளைகளும். எனாமல் சில்லு பெயர்வது பெரும்பாலும் அங்கேதான். பெயர்ந்த இடத்தில் துரு பிடிக்கும், வீட்டில் வைத்து மறுபடி எனாமல் ஏற்ற முடியாது. விரலை விளிம்பைச் சுற்றி ஓட்டினேன். கைப்பிடிக்குக் கீழே மிளகளவு ஒரு சில்லு, அவ்வளவுதான். சட்டியின் அடியில் சாம்பலை அள்ளாமலே விட்டிருந்தார். ஈரம் இழுத்த சாம்பல் இரும்பை அரிக்கும். தள்ளிவிட்டுப் பார்த்தேன், சட்டி தப்பித்திருந்தது. சாம்பல் தள்ளும் தகடுதான் துருவேறி இறுகிக் கிடந்தது. கம்பி வலையும் போய்விட்டது.

"வலையப் புதுசா போட்டுக்கங்க தம்பி, சட்டியில ஒரு குத்தம் சொல்ல முடியாது" என்றார். உண்மைதான். ஆனாலும் வலையையும் தகட்டையும் சொல்லியே ஒன்பதாயிரத்தை ஆறரைக்கு இறக்கினேன்.

ஆட்டோவில் மூடியையும் சட்டியையும் தனித்தனியாகப் பழைய சேலையில் சுற்றி ஏற்றினோம். ஒன்றோடொன்று இடித்தால் சில்லு தெறிக்கும். வெல்டிங் பட்டறையில் எஸ்.எஸ். கம்பியில் வலை அடித்துக்கொடுத்தார்கள். கறி வைக்குமுன் வெறும் கரியை மட்டும் போட்டு, மூடி, நன்றாகச் சுடவிட்டேன். பழைய பிசுக்கு நாற்றம் போயிற்று. கரி நம்ம சீமைக்கருவேலங்கரிதான். நின்று எரிகிறது. சூடாக இருக்கும்போது மூடியில் தண்ணீர் மட்டும் தெளிக்காதீர்கள், எனாமல் வெடித்துவிடும்.