வேலி போன நாடு

அம்மப்பாவின் தேசப்படப் புத்தகம் எங்கள் கந்தர்மடத்து வீட்டு அலுமாரியில் இன்னும் இருக்கிறது. செல்லரித்த அதன் ஐரோப்பியப் பக்கத்தில், செக்கோசிலோவாக்கியாவின் மேற்கு எல்லையோரமாக அவர் பென்சிலால் இழுத்த கோடு மங்காமல் கிடக்கிறது.

அந்தக் கோட்டுக்குள் அடங்குவது, ஜேர்மன் மொழி பேசுவோர் அதிகம் வாழ்ந்த சுடேட்டன்லாந்து என்ற எல்லைப் பகுதி. 1938 செப்டெம்பர் இறுதியில் ஜேர்மனியின் ஹிட்லர், இத்தாலியின் முசோலினி, பிரித்தானியப் பிரதமர் சேம்பர்லின், பிரெஞ்சுப் பிரதமர் டலாடியே ஆகிய நால்வரும் ஜேர்மனியின் மியூனிக் நகரில் கூடி, போர் மிரட்டலோடு ஹிட்லர் கேட்ட அதை ஜேர்மனிக்குக் கொடுக்க உடன்பட்டபோது, நிலத்துக்குரிய நாட்டின் பிரதிநிதிகள் பேச்சில் சேர்க்கப்படாமல் விடுதியில் காத்திருந்தார்கள் என்பதை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது.

முதலாம் உலகப் போரின் இழப்புகளைக் கண்ட தலைமுறை இன்னொரு போருக்கு அஞ்சியதில் குற்றமில்லை. பிரித்தானியா படைபலத்தைப் பெருக்கக் காலம் வேண்டியிருந்தது என்ற வாதத்தையும் நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அவர்கள் கொடுத்தது வெறும் நிலமல்ல. எல்லை மலைகளும் அவற்றையொட்டிக் கட்டிய அரண்களுமே அந்த நாட்டின் வேலி. (வேலிக்கு நட்ட கதியால் ஒரு சாண் நகர்ந்தாலே வழக்குக்குப் போகும் எங்கள் ஊரவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.) வேலி போனபின், 1939 மார்ச் 15 இல் ஜேர்மன் படை பிராகுக்குள் நுழைந்தது, ஸ்கோடா ஆயுதத் தொழிற்சாலையும் செக் போர்த் தாங்கிகளும் அதன் கைக்குப் போயின, அடுத்த ஆண்டு அந்தத் தாங்கிகளில் பல பிரான்சுக்குள் உருண்டன.

போலந்தைச் சுற்றி அம்மப்பா கோடு எதுவும் போடவில்லை. ஜேர்மனி அதன்மீது படையெடுத்த 1939 செப்டெம்பர் 1 என்ற திகதியை மட்டும் ஓரத்தில் எழுதியிருக்கிறார்.