இருபது அலைவும் ஓர் அடிமட்டமும்

பௌதிக ஆய்வுகூடத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் செய்முறை ஊசல். ஒரு அலைவுக்கு எடுக்கும் நேரத்தை நிறுத்தற் கடிகாரத்தில் அளந்து, கொப்பியைப் பெருமையோடு நீட்டினேன். சேர் சிரித்தார். "உன்ர பெருவிரல் பிந்துதடா. இருபது அலைவை எண்ணு. பிறகு பிரி."

அந்தப் பெருவிரல் பிறகும் என்னை விடவில்லை. திண்மங்களுக்குள் நடக்கும் அதிவேக மாற்றங்களை ஆராயப் போனேன். அங்கே இலத்திரனியல் கடிகாரங்களே பிந்துகின்றன. லேசர்த் துடிப்பொன்று உலோகத்தில் பட்டால் முதலில் சூடேறுவது இலத்திரன்கள்தான். அவை ஆயிரக்கணக்கான பாகை வரை கொதிக்கும். அணுக்களோ இன்னும் அறை வெப்பநிலையிலேயே இருக்கும். ஒரே துண்டுக்குள் இரண்டு வெப்பநிலை! சில பிக்கோசெக்கனுக்குள் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். ஒரு பிக்கோசெக்கன் என்பது செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு.

இதை அளக்கக் கடிகாரம் உதவாது, அடிமட்டம்தான் உதவும். ஒரு துடிப்பை இரண்டாகப் பிரிப்போம். முதலாவது மாதிரியைத் தட்டும், இரண்டாவது அதில் நடப்பதைப் பார்க்கும். பார்ப்பதைக் கண்ணாடியொன்றை நகர்த்திச் சுற்றுவழியில் அனுப்பிப் பிந்த வைப்போம். நாங்கள் புத்தகப் பையில் கொண்டு திரிந்த 30 சென்ரிமீற்றர் அடிமட்டம், ஒளிக்கு 1 நனோசெக்கன், அதாவது ஆயிரம் பிக்கோசெக்கன் தூரம். பிக்கோசெக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கான 1 ஃபெம்டோசெக்கன் பிந்த வைக்கக் கண்ணாடி 0.15 மைக்ரோமீற்றர் நகர்ந்தால் போதும். ஒளி போய்த் திரும்புவதால் பாதித் தூரம்.

தொடக்கத்தில் மூன்று கிழமை எனக்கு ஒரு சமிக்ஞையும் கிடைக்கவில்லை. லேசரைத் திட்டினேன், மாதிரியைத் திட்டினேன். கடைசியில் மூத்த மாணவரொருவர் நூலும் அடிமட்டமும் கொண்டுவந்து இரண்டு வழிகளையும் அளந்தார். நான் மாற்றிப் பூட்டிய கண்ணாடியால் ஒன்று 9 சென்ரிமீற்றர் நீண்டிருந்தது. அதாவது 300 பிக்கோசெக்கன். பார்க்கும் துடிப்பு போய்ச் சேரும்போது கூத்து முடிந்து ஆட்களும் கலைந்திருப்பார்கள்.

2023 இல் அகோஸ்தினி, க்ரௌஸ், லுயிலியே மூவருக்கும் ஃபெம்டோசெக்கனிலும் ஆயிரம் மடங்கு சிறிய அற்றோசெக்கன் அளவிலான துடிப்புகளுக்காக நோபல் பரிசு கிடைத்தபோது, "உன்ர வேலைதானே?" என்று வகுப்புத் தோழர்கள் கேட்டார்கள். அவர்களுடைய துடிப்புகளுக்கு முன்னால் என்னுடையவை ஆமை நடை.

எனக்கு மறக்க முடியாதது பிஸ்மத் என்ற உலோகம். துடிப்புப் பட்டதும் அதன் அணுக்கள் எல்லாம் ஒன்றாக ஆடத் தொடங்கும், செக்கனுக்கு ஏறத்தாழ 2.9 இலட்சம் கோடி தடவை. திரையில் அந்த அலை முதன்முதலாக எழுந்து மெல்ல மங்கியது. பழக்கதோஷம், விரல் வைத்து எண்ணினேன். இருபது வரவில்லை. பன்னிரண்டோடு இரைச்சலில் மறைந்துவிட்டது.

பன்னிரண்டால் பிரித்தேன்.