முன்னால் 29, பின்னால் 26

போன ஐப்பசி மழையோடு என் சைக்கிளின் முன் சஸ்பென்ஷன் முடிந்துவிட்டது. 2013ல் வாங்கிய 26 அங்குல வண்டி, அலுமினிய ஃபிரேம் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. ஆனால் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையின் குழாய்களில் துரு புள்ளி புள்ளியாக ஏறியிருந்தது. அழுத்தினால் கீழே போகும், சட்டென்று திரும்பி மேலே வராது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை அசைத்தால் டக் டக் என்று சத்தம் வேறு. பிரித்துப் பார்த்தேன், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. அது மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை. சரி, வேறு ஃபோர்க் போடலாம் என்று தேடினால் எந்தக் கடையிலும் 27.5 இல்லையென்றால் 29 தான், 26க்கு இருப்பதெல்லாம் நான் கழற்றியதை விட மட்டமானவை.

அப்போதுதான் முன் சக்கரத்தை மட்டும் பெரிதாக்கினால் என்ன என்று தோன்றியது. பின்னால் ஃபிரேம் இடம் தராது, 26க்கு மேல் ஏறாது. முன்னால் அந்தக் கட்டுப்பாடு இல்லை, எந்த ஃபோர்க் மாட்டுகிறோமோ அதற்கேற்ற சக்கரம். மோட்டார் சைக்கிளில் இதை நாம் தினமும் பார்க்கிறோம். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனுக்கு முன்னால் 21, பின்னால் 17. எக்ஸ்பல்ஸுக்கு 21, 18. சைக்கிளிலும் புதிதில்லை, ட்ரெக் கம்பெனி 2007 வாக்கில் 69இஆர் என்ற பெயரில் 29 முன்னால், 26 பின்னால் வைத்தே ஒரு வண்டி விற்றது. டவுன்ஹில் (மலை இறக்க) போட்டிகளில் இரண்டு அளவு சக்கரம் கலந்து ஓட்ட சர்வதேச சைக்கிள் சங்கம் 2019ல் அனுமதித்தது.

நான் ஓட்டுவது போட்டியில் இல்லை. கோவை வடவள்ளியில் இருந்து கிளம்பி தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம் பாக்குத் தோப்புகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே இருக்கும் இட்டேரிகளில் ஓட்டுகிறேன். டிராக்டர் தடம், நடுவில் புல் மேடு, ஆங்காங்கே உருளைக்கல். இந்தத் தடத்துக்கு சஸ்பென்ஷன் கட்டாயம் என்று நான் இப்போது நினைக்கவில்லை. குறைந்த விலை ஸ்பிரிங் ஃபோர்க்கை விட, ஒன்றும் அசையாத நல்ல இரும்பு ஃபோர்க் எவ்வளவோ மேல்.

ஆனால் வாங்குவதற்கு முன்னால் அளந்துவிடுங்கள், இந்த வேலையில் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். அச்சின் நடுவில் இருந்து ஃபோர்க்கின் தலை, அதாவது கீழ் கோன்செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) வளையம் உட்காரும் இடம் வரை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். என் பழையது 465 மி.மீ. இருந்தது. ஆள் ஏறி உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் இறங்கும், அதையும் கழிக்க வேண்டும். குழாயில் ஒரு ஜிப் டை கட்டிவிட்டு, மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்கிப் பார்த்தால் 20 மி.மீ. நகர்ந்திருந்தது. ஆக, நான் உண்மையில் ஓட்டிக்கொண்டிருந்த உயரம் 445.

இனி சக்கரம். 26ன் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மி.மீ., 29க்கு 622. பாதி வித்தியாசம் 31.5. ஒரே பருமன் டயர் போட்டால் அச்சு அவ்வளவு மேலே போகும். வண்டியின் முன்பக்கம் பழைய இடத்திலேயே நிற்க வேண்டுமானால் ஃபோர்க் ஏறக்குறைய 415 இருக்க வேண்டும்.

இதை நான் முதலிலேயே செய்யவில்லை. நண்பர் ஒருவரின் 29 சஸ்பென்ஷன் ஃபோர்க்கையும் சக்கரத்தையும் அப்படியே வாங்கி மாட்டினேன். அது 500க்கு மேல். முன்பக்கம் கிட்டத்தட்ட 6 செ.மீ. தூக்கிவிட்டது. தோராயமாக 2 செ.மீ. உயர்ந்தால் ஹெட் ட்யூப் (ஃபோர்க் நுழையும் ஃபிரேமின் முன் குழாய்) ஒரு டிகிரி பின்னால் சாயும், எனக்கு மூன்று டிகிரி சாய்ந்தது. மருதமலை ஏற்றத்தில் முன் சக்கரம் நேராக நிற்கவே மறுத்தது, சீட்டின் மூக்கில் உட்கார்ந்து மிதித்தும் அலைந்தது. நீளமான ஃபோர்க் ஹெட் ட்யூப் ஒட்டுகளை நெம்பவும் செய்யும், அலுமினிய ஃபிரேமில் இந்த விளையாட்டு வேண்டாம். அடுத்த நாளே கழற்றிவிட்டேன்.

29ம் ஹைபிரிட் சைக்கிள்களின் 700சியும் ரிம் அளவில் ஒன்றுதான், இரண்டுமே 622. அதனால் டிஸ்க் பிரேக் பிடிப்பு வைத்த ஒரு ஹைபிரிட் இரும்பு ஃபோர்க்கைத் தேடினேன், 425 மி.மீ.க்கு ஒன்று கிடைத்தது. இந்தக் கணக்கில் முன்பக்கம் 11, 12 மி.மீ. தான் உயரும், ஒரு டிகிரி கூட இல்லை. ஒன்று கவனியுங்கள்: வி-பிரேக் (ரிம்மையே இருபக்கமும் பிடிக்கும் பிரேக்) வண்டியில் ரிம்மின் உயரத்துக்குத் தகுந்த பிடிப்பு ஃபோர்க்கிலேயே இருக்க வேண்டும், 26க்கானது 29க்கு எட்டாது. டிஸ்க்கில் அந்தச் சிக்கல் இல்லை. இல்லாத பிடிப்பை பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், முன் பிரேக் விட்டுப்போனால் விழுவது முகம்தான்.

மாட்டியது எங்கள் ஏரியா சைக்கிள் கடை அண்ணன். "ஏனுங் தம்பி, முன்னால பெருசு, பின்னால சிறுசுங்களா? ஓட்டிப் பாத்தீங்களா?" என்றவர், கணக்கைச் சொன்னதும் டேப்பை எடுத்து அவரே ஒரு தடவை அளந்தார். பழைய ஃபோர்க்கில் ஒட்டிக்கொண்டிருந்த கோன்செட் வளையத்தைச் சுற்றிச் சுற்றி உளியால் தட்டி, ஒரு முடி அளவு இடைவெளி விழுந்ததும் திருப்புளியை விட்டு நெம்பி எடுத்தார். புதியதில் கிரீஸ் தடவி, வளையத்தை வைத்து, அதே அகலமுள்ள ஜி.ஐ. பைப்பை மேலே நிறுத்தி நாலு அடி. முதல் மூன்று அடிக்கு கிண் கிண் என்று கேட்டது, நாலாவது அடியில் சத்தம் கனமாகி அடங்கியது. "உக்காந்துருச்சுங்க" என்றார். ஸ்டியரர் குழாய், அதாவது ஹெட் ட்யூபுக்குள் போகும் ஃபோர்க்கின் மேல் தண்டு, எனக்கு 28.6 மி.மீ., அதாவது 1⅛ அங்குலம். மரை போட்ட பழைய ஒரு அங்குல வகை வண்டி என்றால் இது எதுவும் பொருந்தாது. நீளத்தை வெட்டும்போது ஹோஸ் கிளாம்ப் ஒன்றை இறுக்கி அதை ஒட்டி ஆக்ஸா பிளேடு ஓட்டினால் கோணல் வராது. டிஸ்க்கைக் கவ்வும் பழைய கேலிப்பருக்கு ஒரு அடாப்டர் தேவைப்பட்டது, 160 மி.மீ. டிஸ்க் அப்படியே வந்துவிட்டது. 32 ஓட்டை ரிம், அதே பழைய ஹப், புது போக்ஸ் கம்பி, பெண்டு எடுக்க அரை நாள்.

எடை? மளிகைக் கடைத் தராசில் பழைய ஃபோர்க் 2.6 கிலோ, புதியது 1.15.

ஓட்டுவது எப்படி இருக்கிறது என்றால், ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது முன்பக்கம் அமுங்காமல் மிதித்த பலம் முழுதும் ரோட்டுக்குப் போகிறது, இது முதல் நாளே தெரிந்தது. பெரிய சக்கரம் கல்லின் மேல் சுலபமாக ஏறும் என்கிறார்கள், ஏறுகிறதுதான், ஆனால் 6 செ.மீ. கல்லுக்குக் கணக்குப் போட்டால் இடிக்கும் கோணம் ஒன்றரை டிகிரிதான் குறைகிறது. என் அனுபவத்தில் கைக்கு நிம்மதி கொடுத்தது டயர் காற்று. 2.1 அங்குல டயரில் முன்பு 40 பிஎஸ்ஐ வைத்திருந்தேன், இப்போது 26. நான் 68 கிலோ. இதற்குக் கீழே போனால் கல்லில் ட்யூப் நசுங்கி பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழுகிறது.

வேகமான கரடுமுரடு இறக்கத்தில் கை வலிக்கும், அதை மறைக்க மாட்டேன். அந்த மாதிரி இறக்கமே உங்கள் ஓட்டம் என்றால் நல்ல ஏர் ஃபோர்க்குக்கு (காற்றில் இயங்கும் சஸ்பென்ஷன்) காசு சேர்ப்பதுதான் சரி. மணிக்கட்டு வலி உள்ளவர்களும் யோசியுங்கள்.

மாட்டியதும் ஹேண்டிலை முழுதாகத் திருப்பி, பெடலில் வைத்த பாதம் டயரில் இடிக்கிறதா என்று நின்ற இடத்திலேயே பாருங்கள், எனக்கு இரண்டு விரல் இடைவெளி இருந்தது. முதல் 100 கி.மீ. போனபின் கோன்செட்டில் லேசாக ஆட்டம் வந்தது, போக்ஸ் கம்பியில் நாலைந்து தளர்ந்திருந்தன. இறுக்கிவிட்டேன். நெருஞ்சி காய்க்கும் காலம் வருவதற்குள் முன் ட்யூபுக்குள் ஓட்டையை அடைக்கும் சீலண்ட் ஊற்ற வேண்டும்.